ரயிலின் மறுமுனையில் இருந்த இருபது நிமிடம்

மகள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கடை முறை. இங்கே ஒஸ்லோவில் பிள்ளைகளின் உதைபந்தாட்டக் கழகங்களில் பெற்றோர் முறைவைத்துக் கோப்பியும் வாஃபிளும் விற்று அணிக்குக் காசு சேர்ப்போம். நோர்வேக்காரர் இதை ‘டுக்னாட்’ என்பார்கள். 2022 செப்டெம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரம். மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது மைதானத்துச் சத்தம் நின்றுபோனது. சத்தம் கூடினால் தாய்மார் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றால்தான் பார்ப்போம்.

அவள் செயற்கைப் புல்லில் முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி கிடந்தாள். பதினாலு வயது.

“ஆர் அடிச்சது?”

“ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா. நான் ஓடிவந்து திரும்பினன், அவ்வளவுதான். உள்ளுக்குள்ள டொக் எண்டு கேட்டது.”

நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள். ஒருவரும் தொடாமல், திரும்பும்போது, உள்ளே சத்தம். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்து முடிவு வர இரண்டு கிழமை ஆனது. முன் பட்டி முழுதாக அறுந்திருந்தது, உள்பக்க மினிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு மெத்தையிலும் ஒரு கிழிசல்.

முழங்காலுக்குள் எலும்பை எலும்போடு கட்டுகிற இரண்டு பட்டிகள் ஒன்றையொன்று குறுக்கறுத்துப் போகின்றன. அதனால்தான் நோர்வேஜிய மொழியில் அதற்குக் ‘குறுக்குப் பட்டி’ என்று பெயர். ஆங்கிலத்தில் முன்பக்கத்துப் பட்டியை ஏசிஎல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமலும், கால் ஊன்றியிருக்க உடம்பு திரும்பும்போது மூட்டு முறுகிப் போகாமலும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அறுந்தால் தானாக ஒட்டி வளரும் என்று நம்பியிருக்க முடியாது. பந்து விளையாடுகிற பிள்ளைக்கு ஒரு வருடம் போகிறது. சிலருக்கு விளையாட்டே போகிறது.

அன்றிரவு யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். அம்மா, அதாவது மகளின் அம்மம்மா, கேட்டவுடனே அழுதுவிட்டார். அழுது முடிந்ததும், “பொம்பிளைப் பிள்ளையைப் பந்தடிக்க விட்டால் இப்பிடித்தான் வரும்” என்றார். அவருக்கு எண்பது வயது, பேத்திமேல் உயிர், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலையில் ஒரு நோர்வேக்காரச் சிநேகிதி, படித்தவள், பரிவோடு கையைப் பிடித்துச் சொன்னாள்: “பெண்பிள்ளைகளுக்கு இது கூடத்தான் வரும், அவர்களின் உடம்பு அப்படி.” இரண்டு மொழியில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். பிழை பிள்ளையின் உடம்பில் இருக்கிறதாம்.

அதுதான் என்னை இரவுகளில் கணினிக்கு முன்னால் இருத்தியது. இது உண்மையா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

பாதி உண்மை. ஒரே அளவு நேரம் விளையாடினால் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் அறுகிற வாய்ப்பு இரண்டிலிருந்து மூன்று மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் எதிராளி இடித்து வருவதில்லை. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது, திரும்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது வருகிறது. காரணம் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. இடுப்பு அகலம், அதனால் தொடையெலும்பு முழங்காலுக்கு வந்து சேரும் கோணம், பட்டி போகும் எலும்பு இடுக்கின் ஒடுக்கம், மாதவிடாய்ச் சுழற்சியோடு ஏறி இறங்கும் ஹோர்மோன்கள், தொடையின் முன்தசை பலமாகவும் பின்தசை பலம் குறைவாகவும் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் கட்டுரைகள் இருக்கின்றன. இடுப்பெலும்பை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் தசை எப்படி வேலை செய்கிறது, கால் எப்படி இறங்குகிறது என்பதை மாற்றலாம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள எனக்குச் சில நாள் எடுத்தது.

ஒஸ்லோவில் செய்த ஓர் ஆய்வு இன்னும் மனதில் நிற்கிறது. கைப்பந்தும் (ஹாண்ட்போல்) கூடைப்பந்தும் ஆடிய பெண்களின் ஏசிஎல் அறுந்த பத்துச் சம்பவங்களின் வீடியோக்களை எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக உடம்பின் கோணங்களை அளந்திருக்கிறார்கள். 2010இல் வெளிவந்தது. கால் நிலத்தைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லிசெக்கனில் பட்டி அறுகிறது என்று அதில் கண்டார்கள். முழங்கால் உள்நோக்கிச் சரிகிறது, அதே கணத்தில் அறுகிறது. கண் இமைப்பதற்கே அதைவிடக் கூட நேரம் வேண்டும். கால் பிழையாக இறங்குகிறது என்று மூளை அறிந்து திருத்துவதற்கு அங்கே இடமே இல்லை. ஆகவே எப்படி இறங்குவது என்பது கால் நிலத்தைத் தொடுவதற்கு முன்னரே உடம்புக்குப் பழகியிருக்கவேண்டும். இதை வாசித்த இரவு மகளின் அறைக்குப் போய், நித்திரையாக இருந்தவளின் தலையைத் தடவிவிட்டு வந்தேன். ‘நான் சரியாப் பாத்து ஓடியிருக்கவேணும்’ என்று அவள் இரண்டு கிழமையாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். பார்த்து ஓடுவதற்கு அங்கே நேரமே இருந்ததில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் செய்திகள் அப்படித்தான் வந்தன. மகள் ஆர்சனல் பைத்தியம். எங்கள் நாட்டுக்காரி ஃப்ரீடா மோனும் என்பவர் அங்கே ஆடியதால் தொடங்கிய பைத்தியம். நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியான் மீடமா, அடுத்த ஏப்ரலில் லியா வில்லியம்சன், மேயில் லௌரா வீன்ரொய்தர். ஒரே கழகத்தில், ஒரே பருவத்தில், நான்கு பேருக்கு ஏசிஎல். 2023 உலகக் கிண்ணத்துக்கு இங்கிலாந்தின் தலைவி வில்லியம்சனே போகவில்லை. அதற்கு முன்னரே, 2022 ஜூலையில், ஐரோப்பியக் கிண்ணம் தொடங்குவதற்கு முதல் நாள்களில் ஸ்பெயினின் அலெக்ஸியா புத்தேயாஸுக்கு இதே கதை. எங்கள் ஆடா ஹேகர்பெர்க், பெண்களுக்கான முதல் பலோன் டோர் விருதை 2018இல் வாங்கியவர், 2020 ஜனவரியில் விழுந்து 2021 அக்டோபரில்தான் மைதானத்துக்குத் திரும்பினார். மகளின் சுவரில் ஹேகர்பெர்க்கின் படம் இருந்தது. முதலில் அதைக் கழற்றினாள். பிறகு அவர் திரும்பி வந்த தேதியைத் தேடிப் பார்த்துவிட்டுப் படத்தை மறுபடியும் ஒட்டினாள். அதற்குக் கீழே மாதங்களை எண்ணி ஒரு தாள்.

மீட் விழுந்த செய்தி வந்தபோது அவளுக்குக் கவலை. வில்லியம்சன் செய்திக்கு அவள் அழவில்லை, கோபப்பட்டாள். “ஏன் அம்மா இதை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை?” என்றாள். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் எங்கள் ரயில் பாதையின் மறுமுனையில் இருந்தது. நாங்கள் இருப்பது வெஸ்ட்லி பக்கம், ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று. அதே ரயிலில் ஏறி இறங்காமல் இருந்தால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு சொங்ஸ்வான் ஏரிக்குப் போய்ச் சேரும். அங்கேதான் நோர்வே விளையாட்டு அறிவியல் உயர்கல்லூரி இருக்கிறது. அதற்குள் ஒஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையம். பேராசிரியர் ருவால்ட் பார் போன்றவர்கள் 2000இல் தொடங்கியது. கோடையில் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போய் அந்தக் கட்டடத்தைக் கடந்து எத்தனை தரம் நடந்திருக்கிறேன்.

அந்த மையத்து ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு பெரிய வேலை செய்திருக்கிறார்கள். நோர்வேயின் 125 கழகங்கள், 13 முதல் 17 வயது வரையான 1892 பெண்பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிக் கழகங்களுக்கு ஒரு புதிய உடல் சூடேற்றும் பயிற்சி, மற்றவை வழமைபோல. எட்டு மாதம் ஒவ்வொரு காயத்தையும் எழுதிவைத்தார்கள். பயிற்சி செய்த பக்கத்தில் காயங்கள் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பாரதூரமான காயங்கள் பாதிக்குக் கிட்ட குறைவு. கால் காயங்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாக வரவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2008இல் வெளிவந்தது. என் மகள் பிறந்த வருடம்.

அந்தப் பயிற்சிக்கு ‘11+’ என்று பெயர். ஃபிஃபாவும் ஒஸ்லோ மையமும் அமெரிக்காவின் சான்டா மோனிக்கா மருத்துவ மையத்தினரும் சேர்ந்து உருவாக்கியது. இருபது நிமிடம், பதினைந்து பயிற்சி. ஒரு பந்து போதும், வேறு சாமான் தேவையில்லை.

அண்டை நாடான சுவீடனில் இதேபோல் இன்னொன்றைச் சோதித்தார்கள். ‘முழங்கால் கட்டுப்பாடு’ என்று அதற்குப் பெயர். 2009 பருவம், 230 கழகங்கள், 12 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 4564 பேர். கிழமைக்கு இரண்டு தரம், பதினைந்து நிமிடம், ஆறே ஆறு பயிற்சி. பயிற்சி செய்தவர்களில் ஏழு பேருக்கு ஏசிஎல் அறுந்தது, செய்யாதவர்களில் பதினாலு பேருக்கு. விளையாடிய நேரத்தையும் கணக்கில் எடுத்தால் 64 சதவீதக் குறைவு. நான் அந்தப் பதினாலு என்ற எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு வீடுகளில் பதினாலு தாய்மார் எங்களைப்போல எம்.ஆர்.ஐ. முடிவுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

எங்கள் அணியில் இது ஒன்றும் நடந்ததில்லை. பிள்ளைகள் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவார்கள், காலை இழுத்து நிற்பார்கள், கோலுக்கு அடிக்கத் தொடங்குவார்கள். பயிற்றுநர் ஒரு தகப்பன், சம்பளமில்லாமல் வருகிறவர், நல்ல மனிதர். நான் போய்க் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. ஒரு பயிற்சிநெறியில் இதைக் காட்டினார்களாம். மைதானம் கிடைப்பது ஒரு மணித்தியாலம். அதில் இருபது நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் பிள்ளைகள் பந்து தொடுவது எப்போது என்று விட்டுவிட்டாராம். பெடியன்களின் அணிக்கு அதே மைதானம் மாலை ஐந்தரைக்கு, ஒன்றரை மணித்தியாலம். எங்கள் பிள்ளைகளுக்கு இரவு எட்டுக்கு, ஒரு மணித்தியாலம். இதை அவர் சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். மூன்று வருடமாக நானே இரவு ஒன்பது மணிக்குக் காரில் காத்திருந்து கூட்டிவந்தும் கவனிக்கவில்லை.

2021இல் ஜொஆன் பார்சன்ஸ், ஸ்டெஃபனி கோன், ஷெரி பெக்கர் ஆகிய மூன்று பெண் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. பெண்ணின் ஏசிஎல் அறுவதற்கு அவள் உடம்பை மட்டும் பார்க்கிறீர்களே, அவள் வளர்கிற சூழலைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். சின்ன வயதில் எவ்வளவு ஓடிக் குதிக்க விட்டோம், பாரம் தூக்கும் அறைக்குள் அவளை யார் கூட்டிப்போனார்கள், எந்த மைதானம் கொடுத்தோம், காயப்பட்டபின் யார் கவனித்தார்கள். வாசிக்க வாசிக்க எட்டு மணி மைதானம்தான் என் கண்ணில் நின்றது. என் வீட்டையும் நினைத்தேன். மகனுக்கு ஐந்து வயதில் மரம் ஏற விட்டோம். மகளை, “விழுந்து மூஞ்சியைக் கீறிப்போடுவாய், இறங்கு” என்று நானே இறக்கியிருக்கிறேன்.

சப்பாத்தும் அப்படித்தான். ஐரோப்பியக் கழகங்களின் சங்கம் உயர்மட்டத்தில் ஆடும் பெண்களிடம் கேட்டபோது, 82 சதவீதமானோர் சப்பாத்து தங்களுக்கு வசதிக்குறைவாக இருக்கிறது என்றார்களாம். 2023இல் வெளிவந்த கணக்கு. கடையில் கிடைப்பது ஆண்களின் காலை வைத்துச் செய்ததன் சின்ன அளவு. பெண்ணின் குதிக்காலும் பாத வளைவும் வேறு. மகளுக்கு ஒவ்வொரு பருவமும் குதியில் கொப்புளம் வரும். “புதுச் சப்பாத்தெண்டா அப்பிடித்தான், பழகிடும்” என்று பிளாஸ்டர் ஒட்டிவிட்டிருக்கிறேன். சப்பாத்தால்தான் முழங்கால் போனது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் காலில் போடுகிற சாமானையே அவளுக்காக யோசிக்காத ஒரு விளையாட்டில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு அறிவியல் ஆய்வுகளும் அப்படியே. 2014 முதல் 2020 வரை முக்கிய சஞ்சிகைகளில் வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எண்ணியிருக்கிறார்கள். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31.

மாதவிடாய் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் இதைச் சத்தமாகப் பேசுவதில்லை. மகளோ பிசியோவிடம் நேரடியாகக் கேட்டாள், அந்த நாள்களில் விளையாடியதால்தானா என்று. பிசியோ ஓர் இளம் பெண். “ஹோர்மோனுக்கும் பட்டிக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் எந்த நாளில் ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதற்காக ஆட்டத்தை நிறுத்தாதே” என்று விளக்கினார். இங்கிலாந்தின் செல்சி கழகம் வீராங்கனைகளின் சுழற்சியைப் பார்த்துப் பயிற்சியை அமைக்கத் தொடங்கியதாக 2020இல் செய்தி வந்தது. 2025இல் ஃபிஃபா லண்டனின் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இதே கேள்வியை ஆராயப் பணம் கொடுத்திருக்கிறது. ஆராயட்டும், எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஹோர்மோன் என்றால் பத்திரிகைகள் தலைப்புப் போடுகின்றன. பதினைந்து நிமிடப் பயிற்சி என்றால் ஒருவரும் போடுவதில்லை.

ஒரு காலம் நான் வேறொன்றைத் தேடினேன். பிள்ளையைச் சோதித்து, இவளுக்கு வரும், இவளுக்கு வராது என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை ஒன்று இருக்காதா என்று. மற்றக் கால் பற்றிய பயம்தான். பெட்டியிலிருந்து கீழே குதித்து, உடனே மேலே எழும்பச் சொல்லி, முழங்கால் உள்ளே சரிகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் 2005இல் இருநூறு பிள்ளைகளில் செய்து நல்ல பலன் என்றார்கள். ஒஸ்லோக்காரர் அதை நோர்வேயின் உயர்மட்ட உதைபந்தாட்ட, கைப்பந்தாட்டப் பெண்கள் எழுநூறு பேருக்கு மேல் வைத்துச் சோதித்து, பல வருடம் பின்தொடர்ந்தார்கள். யாருக்கு அறும் என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியவில்லை. 2016இல் ருவால்ட் பார், இப்படிப்பட்ட சோதனைகள் வேலை செய்வதில்லை, அநேகமாக இனியும் செய்யப்போவதில்லை என்றே எழுதிவிட்டார். முதலில் எனக்கு ஏமாற்றம். பிறகு புரிந்தது. ஆபத்தான பிள்ளை என்று ஒருத்தியைப் பொறுக்கி எடுக்க முடியாவிட்டால், எல்லாப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கவேண்டியதுதான். என் வேலையிலும் அப்படியே செய்கிறோம். எந்தப் பாட்டி அடுத்ததாக விழுவார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருக்கச் சொல்கிறோம், ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குகிறோம்.

சத்திரசிகிச்சை 2023 பெப்ரவரியில் நடந்தது. தொடையின் பின்தசை நாரிலிருந்து ஒரு துண்டெடுத்துப் புதிய பட்டி வைத்தார்கள். நோர்வேயில் முழங்கால் பட்டிச் சத்திரசிகிச்சைகளுக்கு 2004இலிருந்து தேசியப் பதிவேடு இருக்கிறது, உலகத்திலேயே முதலாவது. மகளின் முழங்காலும் அதில் ஒரு வரியாக இருக்கும். அதை நினைக்க எனக்கு ஆறுதலாக இருந்தது. பெயரில்லாத அந்த வரி யாரோ ஒரு பிள்ளைக்கு உதவும்.

அப்புறம் நீண்ட காலம். முதல் மாதம் காலை நீட்டுவதே வேலை. மூன்றாம் மாதம் சைக்கிள். அந்தக் கோடையில் உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. மகள் சோபாவில் இருந்து காலுக்கு ரப்பர் பட்டி மாட்டி இழுத்துக்கொண்டே பார்த்தாள். ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் புத்தேயாஸ் உள்ளே வந்தபோது, ஒரு வருடத்துக்கு முன் முழங்கால் அறுந்தவர், இவள் இழுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

நவம்பரில் ஒன்பது மாதம் நிறைந்தது. அவள் அந்தத் தேதியைச் சுவரில் சிவப்பால் வளைத்திருந்தாள். சோதனையில் தோற்றாள். தொடையின் முன்தசைப் பலம் மற்றக் காலோடு பார்க்க 90 சதவீதத்துக்கு வரவேண்டும், அவளுக்கு 78. ஒற்றைக் காலில் தாண்டுவதிலும் குறைவு. “என்ர காலுக்கு ஒண்டுமில்லை, நான் ஓடுறன்தானே” என்று பேருந்து முழுக்க அழுதாள். அன்றைக்கு அவளுக்கு விட்டுக்கொடுக்காமல் நின்றது நான் செய்த நல்ல காரியம் என்று நினைக்கிறேன். அதற்கும் பலம் தந்தது ஓர் ஒஸ்லோ ஆய்வுதான். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகமும் ஒஸ்லோவும் சேர்ந்து 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்டது. ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் 51 சதவீதம் குறைகிறது. சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதமானோர் மறுபடி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார்கள். தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினேன். இளம் வயதில் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு காலில் மறுபடியும் அறுகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. இன்னொன்றையும் அவளுக்குச் சொல்லவில்லை. சுவீடனில் ஏசிஎல் அறுந்த உதைபந்தாட்டப் பெண்களைப் பன்னிரண்டு வருடம் கழித்து ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குச் சராசரி முப்பத்தொரு வயதுதான், பாதிப்பேருக்கு மூட்டுத் தேய்வு வந்திருந்தது. முப்பத்தொரு வயதில். என் இல்லத்துப் பாட்டிமார் கொண்டு திரிகிற வருத்தம்.

2024 மார்ச்சில் தேறினாள். அந்த ஏப்ரல் முடிவில், இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் வீராங்கனைகளோடு மூன்று வருடம் நடத்தும் ‘புரொஜெக்ட் ஏசிஎல்’ என்ற ஆய்வை வீரர் சங்கங்களும் நைக்கியும் லீட்ஸ் பெக்கட் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கின. கழகங்களில் என்ன வசதி இருக்கிறது, எவ்வளவு ஆட்டம், எவ்வளவு பயணம் என்றெல்லாம் பார்க்கிறார்களாம். மகள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: “கடைசியில.”

நான் பயிற்றுநரிடம் மறுபடியும் போனேன். குற்றம் சொல்லப் போகவில்லை. சூடேற்றும் பயிற்சியை நானே செய்விக்கிறேன், மைதானம் கிடைப்பதற்கு முன்னரே, பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில், ஏழு நாற்பதுக்கு என்றேன். அவர் சம்மதித்தது மட்டுமில்லை, இரண்டாம் கிழமையே தானும் வந்து நின்றார். ஒஸ்லோ மையம் இதற்கென்றே ‘ஸ்காடெஃப்ரி’ என்று, ‘காயமில்லாமல்’ என்று பொருள், இலவசமாக ஒரு செயலி வைத்திருக்கிறது. வீடியோவோடு எல்லாம் இருக்கிறது.

முதலில் நேராக ஓட்டம், இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, சோடியைச் சுற்றி, தோளோடு தோள் இடித்து. பிறகு முழங்கையை ஊன்றிப் பலகைபோல் நிற்பது, பக்கவாட்டில் நிற்பது. முழந்தாளில் நிற்க இன்னொரு பிள்ளை கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மடக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய்வது. இதில்தான் எல்லாரும் கத்துவார்கள், தொடையின் பின்பக்கம் தீயாக எரியும். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று பந்து எறிந்து பிடிப்பது, இருந்தெழும்புவது, குதித்து இறங்குவது. கடைசியில் வேகமாக ஓடிக் காலை ஊன்றித் திரும்புவது. இதில் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கண்ணில் படவேண்டும். முழங்கால் பாதத்துக்கு நேரே மேலே நிற்கிறதா, உள்ளே சரிகிறதா.

முதல் மாதம் பிள்ளைகளுக்குச் சலிப்பு. மழைக்குள் கார் நிறுத்துமிடத்தில் யாருக்குத்தான் பிடிக்கும். இதில் தொடர்ச்சிதான் மருந்து. நோர்வே ஆய்விலேயே கூடுதலாகச் செய்த பிள்ளைகளுக்கு, நடுத்தரமாகச் செய்தவர்களைவிட 35 சதவீதம் காயம் குறைந்திருந்தது. ஆகவே வருகைப் பதிவுபோல ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன். எங்கள் அணியில் பதினெட்டுப் பேர்தான். பதினெட்டுப் பேரை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதை ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள். செய்வது மட்டும்தான் மிச்சம்.

ஊரில் மச்சாளின் மகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். தெல்லிப்பழை மகாஜனாப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொடங்கியவள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோக்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குரல் பதிவு போட்டுவிட்டேன். அவர்களின் மைதானம் செம்மண், கோடையில் பாறைபோல் இறுகும். “மாமி, அந்தச் சாயுறது ஏலாமக் கிடக்கு, எல்லாரும் விழுந்து சிரிக்கினம்” என்று திருப்பிக் குரல் அனுப்பினாள். பின்னணியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளின் சிரிப்பு. அம்மாவும் அந்தக் குரலைக் கேட்டார். “அந்தப் பிள்ளையளுக்கும் அனுப்பினனியோ, நல்லது” என்றார். பந்தடி பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது பதினேழு. பெரியவர்களின் இரண்டாம் அணியில் ஆடுகிறாள். செவ்வாய்க்கிழமைகளில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு உதவிப் பயிற்றுநர். போன கிழமை எனக்கு மறுபடியும் கடை முறை. மைதானத்தின் ஓரத்தில் வழித்துக் குவித்த பனி இன்னும் கறுப்பாகக் கிடந்தது. வாஃபிள் இயந்திரத்தைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். திடீரென்று சத்தம் நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் ஒற்றைக் காலில், கையை விரித்து, அசையாமல் நின்றார்கள். மகள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு தரம்” என்றாள் நோர்வேஜிய மொழியில். “நீங்கள் இறங்குவது எனக்குக் கேட்கக் கூடாது.”

பன்னிரண்டு பேரும் குதித்தார்கள்.